வாடகை வீட்டுப் பிள்ளையும் நம்ம முற்றத்துப் பிள்ளைதான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இப்போ வேற ஒரு கணக்கு பார்ப்போம். இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல எத்தனை பேர் வீட்டில் வாடகைக்கு விட்ட ரூம் இருக்கு? கை தூக்குங்க. பாருங்க, பாதிக்கு மேல் கை. சரி, அந்த ரூம்களில் ஆறு வயசுக்குக் கீழே பிள்ளை இருக்கிறது எத்தனை வீட்டில்? அப்பவும் நிறைய கை. அந்தப் பிள்ளை நம்ம ஊர் அங்கன்வாடிக்குப் போகுதா? இப்போ கையெல்லாம் கீழே போயிடுச்சு. இதைப் பத்தித்தான் இன்னிக்கு நாம பேசப் போகிறோம்.

நம்ம ஊர் மாறின கதை

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி கார் செய்ய ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் கம்பெனி திறந்தார்கள். அதை ஒட்டி கண்ணாடி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று வரிசையாக வந்தது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் பரந்துகொண்டே போனது. ஏர் ஓட்டின இடத்தில் இன்றைக்குக் கண்டெய்னர் லாரி ஓடுது. நிலம் போனவங்களுக்கு வருத்தம் உண்டு. லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவங்களுக்கு வருமானமும் உண்டு. நம்ம குழுக் கடனை வைத்தே ரெண்டு ரூம், நாலு ரூம் கட்டினவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க.

அந்த ரூமுக்கு முன்னே விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஆட்கள் வந்தாங்க. இப்போ அவங்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்துக்காரங்க வர்றாங்க. தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு விடுதிகள் இருக்கு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதியே திறந்தார்கள். ஆனால் புருஷன், பெண்டாட்டி, கைப்பிள்ளை என்று குடும்பமாக வருகிறவங்க நம்ம லைன் வீட்டுக்குத்தான் வரணும். அதுவும் இல்லையென்றால் கட்டட வேலை நடக்கிற இடத்தில் தகரக் கொட்டகைதான்.

அப்பா ஷிப்டுக்குப் போகிறார். அம்மா சித்தாள் வேலைக்கோ, துப்புரவு வேலைக்கோ, கேண்டீன் வேலைக்கோ போகிறாள். பிள்ளை எங்கே இருக்கு? களத்தில் போகும்போது நான் மூன்று இடத்தில் பார்க்கிறேன். ஒன்று, வெளியே தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குள்ளே, கையில் செல்போனோடு. இரண்டு, கட்டட வேலை இடத்தில், மணல் குவியலுக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவே. மூன்று, எட்டு வயசு அக்காவின் இடுப்பில். இந்த மூன்றாவதில் ரெண்டு பிள்ளைகளின் வாழ்க்கை போகுது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அக்கா பள்ளிக்கூடம் போவதில்லை. இதெல்லாம் நடப்பது நம்ம அங்கன்வாடிக்கு நாலு தெரு தள்ளி.

கதவு ஏற்கெனவே திறந்திருக்கு

வெளிமாநிலப் பிள்ளையை நம்ம மையத்தில் சேர்க்க முடியுமா என்று பல பேருக்குச் சந்தேகம். தாராளமாகச் சேர்க்கலாம். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதற்குமாக ஆரம்பித்த திட்டம். 2006 டிசம்பர் 13-ல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆறு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சேவை போய்ச் சேரணும். ஒரு குடியிருப்பில் ஆறு வயசுக்குக் கீழே 40 பிள்ளைகள் இருந்து, அங்கே மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தரணும் என்றும் அதே உத்தரவு சொல்லுது. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி மூலம் உணவு கிடைப்பதை உரிமையாகவே ஆக்கியது. இதில் எங்கேயும் அந்த மாநிலத்துப் பிள்ளை, இந்த மாநிலத்துப் பிள்ளை என்று பிரிக்கவில்லை.

ஆதார் கார்டு? பிள்ளைக்கு ஆதார் கட்டாயம் இல்லை, தாயின் ஆதாரை வைத்துப் பதிவு செய்யலாம் என்று மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2022-ல் தெளிவுபடுத்தியது. அங்கன்வாடி டீச்சர் செல்போனில் பதிகிற 'போஷன் டிராக்கர்' செயலியில், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போன குடும்பத்தின் பதிவை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கு. தடுப்பூசி அட்டை எந்த மாநிலத்து அட்டையாக இருந்தாலும், மீதி ஊசியை நம்ம ஊர் நர்சம்மா போடுவாங்க. இடுப்பில் தம்பியைச் சுமக்கிற அந்த எட்டு வயசு அக்காவுக்கும் வழி இருக்கு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

இன்னொரு சந்தோஷமான விஷயம். வெளிமாநிலத் தாய்க்கு இதை எப்படிப் புரிய வைப்பது என்று கவலைப்படாதீங்க. 'அங்கன்வாடி' என்று சொன்னாலே போதும். அவங்க ஊரிலும் அதே பேர்தான். கொஞ்சம் இழுத்து 'ஆங்கன்பாடி' என்பாங்க. 'அங்கன்' என்றால் முற்றம். வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்த்துக்கொள்ளும் இடம். முற்றம் என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து விளையாடும் இடம்.

நாம கேட்கிற கேள்விகள்

குழுக் கூட்டங்களில் இதைப் பேசும்போது அக்காமார்கள் மனசு விட்டுச் சில கேள்வி கேட்கறாங்க. அந்தக் கேள்விகளை மூடி மறைக்க வேண்டாம்.

'அவங்க பிள்ளைங்க வந்தா நம்ம பிள்ளைங்க பங்கு குறையாதா?' அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒதுக்குறாங்க. பேர் எழுதாமல் சும்மா வந்து உட்காரும் பிள்ளைக்குக் கொடுத்தால்தான் மற்ற பிள்ளைகளுக்குக் குறையும். பேர் எழுதினால் அந்தப் பிள்ளையின் பங்கும் சேர்ந்து வரும். அதோடு, பிள்ளைகள் குறைந்த மையத்தைவிடப் பிள்ளைகள் நிறைந்த மையத்துக்குத்தான் கட்டடம், கழிப்பறை, சமையலறை என்று நாம் வலுவாகக் கேட்க முடியும்.

'ஆறு மாசத்தில் போயிடுவாங்க, எதுக்கு இந்தப் பாடு?' பெரியவங்களுக்கு ஆறு மாசம் ஒரு சீசன். மூணு வயசுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. எடை கூடுவதும், பேச்சு வளர்வதும், பயம் தெளிவதும் அந்த வயசில்தான். அந்த ஆறு மாசத்தைத் தவற விட்டால் அப்புறம் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

'அந்தப் பிள்ளைங்க சுத்தமா இல்லையே, நோய் வராதா?' நாலு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, ஒரு குழாய் என்று வீடு கொடுத்தது யார், அக்கா? நோய் எந்த மாநிலத்திலிருந்தும் வருவதில்லை, தண்ணி இல்லாத இடத்திலிருந்து வருது. வாடகை வாங்கும் கையால் குழாயையும் சரி செய்து கொடுப்போம். இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேணும்.

எல்லாரும் இந்திக்காரங்களா?

வடக்கே இருந்து யார் வந்தாலும் நாம் 'இந்திக்காரங்க' என்று சொல்லிவிடுகிறோம். ஒடிசாக்காரர் வீட்டில் பேசுவது ஒடியா. வங்காளக் குடும்பம் பேசுவது வங்காளம். அசாமில் அசாமியும் போடோவும் இன்னும் பலதும். பீகாரில்கூட வீட்டுக்குள்ளே பேசுவது மைதிலி, போஜ்புரி, மகஹி. ஜார்க்கண்டிலிருந்து வரும் பழங்குடிக் குடும்பம் சந்தாலி, முண்டாரி, ஹோ பேசும். அந்தப் பிள்ளைக்கு இந்தியில் பேசினாலும் புரியாது, தமிழில் பேசினாலும் புரியாது. இந்தி தெரிந்த யாரையாவது கூப்பிட்டுப் பேச வைத்து, 'பதிலே சொல்லலை, மந்தமான பிள்ளை' என்று முடிவு கட்டினால் அது எவ்வளவு பெரிய அநியாயம்!

மொழி மேல் பாசம் நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீங்க. மொழியை வைத்து இந்தியாவில் முதன்முதலில் பிரிந்த மாநிலம் ஒடிசாதான், 1936 ஏப்ரல் 1-ல். வங்காள மொழிக்காக 1952 பிப்ரவரி 21-ல் டாக்காவில் மாணவர்கள் உயிர் விட்டார்கள். அந்த நாளைத்தான் 1999-ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. 1961 மே 19-ல் அசாமின் சில்சரில் வங்காள மொழிக்காகப் போராடிய 11 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1965-ஐ மறக்காத தமிழ்நாட்டுக்கு அவங்க மனசு புரியாதா? தன் மொழியைப் பறிகொடுக்கக் கூடாது என்று சொல்லும் நாம், இன்னொரு பிள்ளையின் மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லலாமா? அந்தப் பிள்ளை நம்மிடம் தமிழ் கற்றுக்கொள்ளும். அதன் வீட்டு மொழியும் அதோடு இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

காஞ்சிபுரம் நெசவு நம்ம மாவட்டத்துக்குப் பெருமை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு நெய்கிறார்கள். உடலின் நிறம் கரையில் ஏறுவதில்லை, கரையின் நிறம் உடலில் இறங்குவதில்லை. ஆனால் சேலை ஒன்றுதான், இழுத்தாலும் பிரியாது. நியூசிலாந்து நாட்டில் 1996-ல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பேர் 'தே ஃபாரிகி'. அந்த ஊர்ப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் மொழியில் 'பின்னிய பாய்' என்று அர்த்தம். எல்லாப் பிள்ளையும் உட்காரக்கூடிய பாயைப் பல இழை சேர்த்துப் பின்னணும் என்பது அவங்க கருத்து. அவங்களுக்குப் பாய், நமக்குப் பட்டு. விஷயம் ஒன்றுதான்.

முதல் ஒரு மாதம்

பேர் எழுதுவது ஒரு நாள் வேலை. அந்தப் பிள்ளை நம்ம பிள்ளையாக ஆவது தினம் தினம் செய்யும் வேலை. அங்கன்வாடி டீச்சரும் உதவியாளர் அக்காவும் மட்டும் தனியாகச் செய்து முடிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் நாமும் கை கொடுக்கணும். எதை எதைக் கவனிக்கணும் என்று சொல்கிறேன்.

முதலில் பேர். ஒரு மையத்தில் மூணு மாசமாக ஒரு பிள்ளையை 'ஏ, இந்திப் பாப்பா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் எழுதின பேரை யாரும் வாயால் சொன்னதே இல்லை. தாயிடம் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, அதே மாதிரி சொல்லிப் பழகணும். நம்ம வாய்க்கு வராது என்று பேரைச் சுருக்கக் கூடாது. புது ஊரில் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக இருப்பது அதன் பேர் ஒன்றுதான்.

இரண்டாவது, நாலு வார்த்தை. தண்ணி வேணும், பசிக்குது, ஒண்ணுக்கு வருது, அம்மா எப்போ வருவா. ஒரு பிள்ளைக்கு அவசரமாகத் தேவைப்படுவது இவ்வளவுதான். இதைக் கேட்கத் தெரியாமல்தான் பிள்ளை அழுது, உடுப்பை நனைத்துக்கொள்ளுது. தண்ணிக்கு ஒடியாவில் 'பாணி', இந்தியிலும் அசாமியிலும் 'பானி'. சோற்றுக்கு ஒடியாவில் 'பாத', வங்காளத்திலும் அசாமியிலும் பீகார்ப் பக்கத்திலும் 'பாத்'. அம்மாவுக்குப் பெரும்பாலும் 'மா'. சந்தாலி பேசும் பிள்ளை என்றால் தண்ணிக்கு 'தாக்', அம்மாவுக்கு 'அயோ'. மீதியைத் தாயிடமே கேட்டு ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்க. தன் வீட்டு வார்த்தை ஒன்று டீச்சர் வாயிலிருந்து வந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்க, அப்போ தெரியும்.

மூன்றாவது, மௌனம். புது மொழிக்குள் வந்த சின்னப் பிள்ளை முதலில் தன் மொழியில் பேசிப் பார்க்கும். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிடும். சில வாரம், சில பிள்ளைக்குச் சில மாசம்கூட இது நீடிக்கும். பயப்பட வேண்டாம். வாய் மூடியிருக்கும்போதும் காது திறந்துதான் இருக்கு, உள்ளே சேமிப்பு நடக்குது. நம்ம குழுச் சேமிப்பு மாதிரிதான். ஆரம்பத்தில் புத்தகத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் பார்த்தால் தொகை இருக்கும். 'பேசு, பேசு' என்று நெருக்காதீங்க. மற்ற பிள்ளைகள் முன்னே நிறுத்திப் பாட்டுச் சொல்ல வைக்காதீங்க. ஆனால் ஒன்று கவனிக்கணும். வீட்டில் தன் மொழியிலும் பேசுவதில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாய் சொன்னால், அது வேறு விஷயம். மையத்துக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காதைப் பரிசோதிக்கச் சொல்லணும்.

ஒரகடம் பக்கத்து மையம் ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த மூன்றரை வயசுப் பெண் குழந்தை. இரண்டு வாரம் செருப்பைக் கழற்றாமல் வாசல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள். உதவியாளர் அக்கா அவளை உள்ளே இழுக்கவில்லை. தினமும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். அவள் கையிலும் ஒரு கட்டு கொடுத்தார். மூணாவது வாரம் செருப்பு கழன்றது. அவள் முதலில் பேசின தமிழ் வார்த்தை எது தெரியுமா? வணக்கமும் இல்லை, அம்மாவும் இல்லை. பொம்மையைப் பிடுங்கின பையனைப் பார்த்து, 'ஏய், என்னுது!' டீச்சருக்கு ஒரே சிரிப்பு, சந்தோஷம். பிள்ளைகள் பிள்ளைகளிடமிருந்துதான் மொழியைப் பிடிக்கிறார்கள். அதனால் புதுப் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்காமல், கலகலப்பான ஒரு பிள்ளையோடு ஜோடி சேர்த்து விடுங்க.

நான்காவது, வீட்டு மொழி. 'வீட்டிலேயும் தமிழ்லயே பேசுங்க' என்று தாய்க்கு யோசனை சொல்கிறவங்க இருக்காங்க. வேண்டாம். தனக்கே சரியாக வராத மொழியில் ஒரு தாயால் எப்படிக் கொஞ்ச முடியும், எப்படிக் கதை சொல்ல முடியும்? தாய்மொழி பலமாக இருக்கும் பிள்ளைக்குத்தான் இரண்டாவது மொழி நன்றாக ஒட்டும். வீட்டு மொழியிலேயே சின்னப் பிள்ளைகளோடு பேசிப் பழகணும் என்றுதான் 2013-ல் வந்த முன்பருவக் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கையும் சொல்லுது.

சாப்பாடும் பண்டிகையும்

பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அடம் என்று நினைக்க வேண்டாம். புளி ஊற்றின சாம்பாரை அது பார்த்திருக்காது. கடுகு எண்ணெயில் தாளித்துப் பழகின மூக்குக்கு நம்ம தாளிப்பு புதுசு. முதல் சில நாள் சோறு தனி, பருப்பு தனி, முட்டை தனி என்று வைத்துப் பாருங்க. கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பார் பழகும். ஒடிசாவில் 'பக்காளா' என்று ஒரு சாப்பாடு, வங்காளத்தில் 'பாந்தா பாத்' என்பார்கள். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, நம்ம பழைய சோறுதான்! ராத்திரி தண்ணி ஊற்றி வைத்து, காலையில் வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிடுவது. பீகார்க் குடும்பம் வறுத்த கடலை மாவைக் கரைத்துக் குடிக்கும். நம்ம மையத்தில் கொடுக்கும் சத்துமாவுக்கு அது சொந்தக்காரன்தான்.

பண்டிகையும் அப்படித்தான். நமக்குச் சித்திரை முதல் நாள் வருஷப் பிறப்பு. அதே ஏப்ரல் நடுவில்தான் ஒடிசாவுக்குப் புது வருஷம், அசாமுக்குப் பிஹு, வங்காளத்துக்கும் புது வருஷம். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார்ப் பெண்கள் விரதம் இருந்து, தண்ணியில் நின்று, கரும்பும் பழமும் வைத்துச் சூரியனைக் கும்பிடும் சட் பூஜை, நம்ம பொங்கலை ஞாபகப்படுத்தும். சித்திரை மாசம் அங்கன்வாடியில் ஒரு நாள் எல்லாத் தாய்மாரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பலகாரம், அவரவர் மொழியில் ஒரு தாலாட்டு என்று வைத்துப் பாருங்க. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தைத்தான் நம்ம மையங்களில் நடத்துறாங்க. ஆடவும் பாடவும் எந்த மொழிப் பாட்டும் உதவும். நம்ம பிள்ளைகளுக்கும் அதில் லாபம்தான். உலகம் பெரிசு என்று நாலு வயசிலேயே தெரிந்துகொள்ளும்.

பயம் என்ன செய்யும்?

இதைச் சொல்லாமல் விட முடியாது. 2018 மே மாதம் 'வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை அம்மா ஒருவர், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அவங்களும் தமிழ் பேசுகிறவங்கதான். 2023 மார்ச்சில் வேறு விதமான வதந்தி. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பயத்தில் பல பேர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் பயம், இரண்டும் பொய்.

இந்தப் பயம் எப்போ போகும்? உங்க மகனும் அந்த வீட்டு மகளும் ஒரே பாயில் தூங்கி, ஒரே தட்டில் முட்டையைப் பங்கு போட்டுக்கொண்டால், அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வரும்போது நீங்க நம்ப மாட்டீங்க. அவங்களும் நம்ப மாட்டாங்க. மாதக் கணக்கில் போலீஸ் விளம்பரம் செய்வதை ஒரு அங்கன்வாடி சத்தமில்லாமல் செய்துவிடும்.

நம்ம ஜனங்களும் போனவங்கதான்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேசிய ரப்பர் தோட்டத்துக்கும் கப்பல் ஏறினது யார்? நம்ம தமிழ்நாட்டு ஜனங்கதான். மலேசியாவில் இன்றைக்கும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடக்குது. மும்பை தாராவியில் குடியேறின நம்ம ஜனங்களின் பிள்ளைகளுக்காக அந்த ஊர் மாநகராட்சியே தமிழ் வழிப் பள்ளிக்கூடம் நடத்தியது. அங்கே நமக்கு ஒருத்தர் கதவைத் திறந்தார். இங்கே நாம் திறக்கும் முறை.

பக்கத்து மாநிலத்தையும் பாருங்க. கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் 'ரோஷ்ணி' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். வெளிமாநிலப் பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, அவங்க மொழி வழியாகவே மலையாளம் கற்றுக் கொடுத்தார்கள். அதே கேரளாவில், பீகாரிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியின் மகள், 2020-ல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. தேர்வில் முதலிடம் வாங்கினார். நம்ம லைன் வீட்டு ரூமுக்குள்ளேயும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். தாழ்ப்பாள் வெளியே போட்டிருக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்று. வெளியூர்ப் பிள்ளைக்கு நாம் வழி பண்ணும்போது, இந்த மண்ணிலேயே பிறந்து, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகளும் நம்ம கணக்கில் வரணும். அவங்க வீட்டுக்கும் போய்க் கூப்பிடணும்.

இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியது

1. கணக்கெடுப்பு. உங்கள் தெருவில் உள்ள லைன் வீடு, கொட்டகை எல்லாம் போய், ஆறு வயசுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், எந்த மொழி பேசுகிறார்கள், மையத்துக்குப் போகிறார்களா என்று எழுதுங்கள். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் சேர்த்து எழுதுங்கள். அவங்களுக்கும் மையத்தில் உரிமை உண்டு. பட்டியலை டீச்சரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கொடுங்கள்.

2. ஒரு குடும்பத்துக்கு ஒரு துணை. வீடு வாடகைக்கு விட்ட உறுப்பினரே அந்தத் தாய்க்குத் துணை. முதல் நாள் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போங்கள். முதல் வாரம் தாய் கொஞ்ச நேரம் பிள்ளையோடு இருக்க டீச்சரிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். ஷிப்டு முடிந்து தாய் வரத் தாமதமானால் பிள்ளையை யார் அழைத்து வருவது என்று முன்கூட்டியே முடிவு பண்ணுங்கள். தாய் ஒப்புக்கொண்ட ஆளிடம் மட்டும்தான் பிள்ளையை அனுப்பணும்.

3. வார்த்தை அட்டை. தாய்மாரிடம் கேட்டுப் பத்து வார்த்தை எழுதி மையத்தில் ஒட்டுங்கள். பதிலுக்கு அந்தத் தாய்க்கும் பத்துத் தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுங்கள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவும்.

4. கிராம சபை. உங்கள் குடியிருப்பில் 40 பிள்ளைகளுக்கு மேல் இருந்து மையம் இல்லையென்றால், பட்டியலோடு அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். இருக்கும் மையத்தில் இடம் போதவில்லை என்றாலும் அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும், தீர்மானப் புத்தகத்தில் எழுதினது நிற்கும் என்று நமக்குத் தெரியாததா?

5. தீர்மானப் புத்தகம். சேமிப்பு, கடன் பாக்கி எழுதும் அதே பக்கத்தில், 'இந்த மாதம் மையத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்' என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் அந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டும்.

சகோதரிகளே, தமிழ்நாட்டில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்து, சத்துணவு ஆரம்பித்தது 1982 ஜூலை 1-ல். அன்றைக்குத் தட்டை ஏந்தி உட்கார்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் அம்மாக்களாக, பாட்டிகளாக உட்கார்ந்திருக்கீங்க. அந்தச் சோறு நம்மைப் படிக்க வைத்தது, குழு நடத்தும் அளவுக்கு நிமிர வைத்தது. இப்போ வரிசையில் பக்கத்தில் ஒரு புதுப் பிள்ளை வந்து உட்காருது. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்போம்.